படிக்கட்டில் ஏறிய ஃபோர்க்லிஃப்ட்

ஒரு கம்பெனியில் நடப்பதெல்லாம் ரிப்போர்ட்டில் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள், பாவம், வாழ்நாளில் ஒரு ரிப்போர்ட்கூட எழுதிப் பார்க்காதவர்கள். அந்தச் சோப்புக் கம்பெனியில் அத்தனை ரிப்போர்ட்டையும் ஒரே கைதான் எழுதியது. அந்தக் கைக்குச் சொந்தக்காரியை எல்லோரும் ரிப்போர்ட்டக்கா என்று கூப்பிட்டார்கள். மேனேஜர்கூட அவசரத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

தன் தொழிலைப் பற்றி ரிப்போர்ட்டக்காவுக்கு மயக்கம் எதுவும் கிடையாது. தினசரி உற்பத்தி ரிப்போர்ட்டை யாரும் படிப்பதில்லை. ஆனால் ஒரு நாள் போகாவிட்டால் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும். வாராந்திர முன்னேற்ற ரிப்போர்ட் என்பது போன வார ரிப்போர்ட்தான், தேதி மட்டும் முன்னேறியிருக்கும். பயண ரிப்போர்ட் என்றால், போன காரியம் ஏன் நடக்கவில்லை என்பதை நாலு பக்கத்துக்கு நீட்டிச் சொல்வது. சாத்தியக்கூறு ரிப்போர்ட் என்பது, மேலே இருப்பவர்கள் ஒரு முடிவை எடுத்து முடித்த பிறகு, அந்த முடிவை எடுக்கலாமா என்று ஆராய்வது. விசாரணை ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரைக்கும் படித்தால், தப்பு யார் மேலும் இல்லை என்று தெரியவரும்.

இவை எல்லாவற்றையும் விடச் சுவாரசியமானது மயிரிழை ரிப்போர்ட். அதற்குத் தலைமை அலுவலகம் வைத்த பேர் வேறு, நீளமானது. விபத்து நடக்க இருந்து, மயிரிழையில் தப்பினால் எழுத வேண்டியது என்பதால் தொழிலாளர்கள் வைத்த பேர் இது. மாசத்துக்கு ஒவ்வொரு செக்‌ஷனும் இரண்டு மயிரிழையாவது அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பாவிட்டால், "உங்கள் பகுதியில் எதுவுமே நடக்கவில்லையா, அல்லது நீங்கள் எதையுமே கவனிக்கவில்லையா?" என்று ஒரு மெமோ வரும். சரி என்று அனுப்பினாலோ, எந்த செக்‌ஷனில் நடந்ததோ அந்த செக்‌ஷனின் போர்டில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டுவார்கள். புள்ளி விழுந்த செக்‌ஷன்காரர்கள் அந்த மாசம் முழுக்கக் காலையில் கேட்டருகே வரிசையாக நின்று, "நான் கவனமாக வேலை செய்வேன்" என்று பாதுகாப்பு உறுதிமொழியை உரக்கச் சொல்ல வேண்டும். மற்ற செக்‌ஷன்காரர்கள் அவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே உள்ளே போவார்கள். நடக்கவும் வேண்டும், நடக்கவும் கூடாது. இந்த மாதிரி சட்டத்தைப் போட்டவர்கள் நிச்சயம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துதான் போட்டிருப்பார்கள்.

முதல் தடவை, சோப்பைக் கம்பியால் அறுக்கிற வெட்டு செக்‌ஷனின் சூப்பர்வைசர் இன்டர்காமில் கெஞ்சினார். "அக்கா, ரெண்டு மயிரிழை வேணும்க்கா. ஆனா எங்க எடத்துல நடந்த மாதிரி இருக்கக் கூடாது. எங்க ஆளுங்க போன மாசமே கேட்ல நின்னு தொண்டை கட்டிப் போயிட்டாங்க."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியே கண்ணில் பட்டது, தன் அறைக்கு வருகிற பின்பக்கப் படிக்கட்டு. சலவைத்தூள் கூடத்துக்குப் பின்னால், ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய ஒல்லியான இரும்புப் படிக்கட்டு. அது எந்த செக்‌ஷனுக்கும் சொந்தமில்லை. எழுதினாள்: 'பின்பக்கப் படிக்கட்டில் ஏறும்போது கால் வழுக்கியது. கைப்பிடியைப் பிடித்ததால் மயிரிழையில் தப்பினார்.' போர்டே இல்லாத படிக்கட்டில் எங்கே போய்ப் புள்ளி ஒட்டுவது? விஷயம் அத்தோடு முடிந்தது.

முடிந்ததா? பேக்கிங்கிலிருந்து கேட்டார்கள், கலவையிலிருந்து கேட்டார்கள், கிடங்கிலிருந்து கேட்டார்கள். "நம்ம படிக்கட்டுலயே போட்டுடுங்கக்கா" என்பது கம்பெனியின் வாடிக்கைப் பேச்சாகிவிட்டது. முதலில் கற்பனையில் வழுக்கியவர்கள்தான் படிக்கட்டுக்கு வந்தார்கள். போகப்போக, நிஜமாக நடந்தவையும் அங்கேயே வந்து சேர்ந்தன. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது சரியாக இருந்தது. படிக்கட்டோ வாயில்லாப் பூச்சி. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சும்மா நின்றது.

இதில் அக்காவுக்கு ஒரு லாபமும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. படிக்கட்டு பொல்லாதது என்ற பேச்சு பரவியதும் ஒரு ஈ காக்கைகூட மேலே வருவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே, "அந்தப் பக்கம் போயிடாத, அது ஆளை விழுங்கற படி" என்று சொல்லிவைத்தார்கள். தகவல் சீட்டு, டீ, பேனா மை எல்லாம் ஜன்னல் வழியாகக் கயிறு கட்டின வாளியில்தான் மேலே வந்தன.

அந்த அறை ஒன்றும் பெரிய மாளிகை இல்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, தகரக் கூரைகளைப் பார்க்கிற ஒரு ஜன்னல், தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்கார்கிற புறாக்கள். ஆனால் அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. அக்காவின் வீட்டில் இரண்டே அறை. அதில் கணவர், மாமியார், கொழுந்தனார், ஓரகத்தி, அவர்கள் பிள்ளைகள், எப்போதும் அலறுகிற டிவி. குளியலறைத் தாழ்ப்பாள்கூட உடைந்து வருஷமாகிறது. பாடிக்கொண்டே குளித்தால்தான் உள்ளே ஆள் இருப்பது தெரியும். அந்த வீட்டில் அழுவதென்றாலும் முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். கம்பெனியில் இந்த அறையைக் கொடுத்த முதல் நாள் அவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல், சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தச் சுகத்துக்கு ஈடாக எத்தனை பேரை வேண்டுமானாலும் படியில் வழுக்கிவிட அவள் தயாராக இருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் மேனேஜர் விழுந்தார்.

விழுந்தது தன் அறையிலேயே. ஏசியின் காற்று நேராக வழுக்கையில் அடிக்கிறது என்று அதன் தகட்டைத் திருப்ப, சுழல் நாற்காலி மேல் ஏறி நின்றிருக்கிறார். நாற்காலி தன் சுபாவப்படி சுழன்றது. கணுக்காலில் எலும்பு கீறிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும்தான், ஆனால் 'சுழல் நாற்காலி மேல் யாரும் ஏறக் கூடாது' என்று சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்ட யானை இது. காலில் மாவுக்கட்டோடு இன்டர்காமில் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு விபத்து ரிப்போர்ட் எழுதணும். படிக்கட்டுல போட்டுடு."

"சார், நீங்க எதுக்கு அங்க வந்தீங்கன்னு கேட்டா?"

"ஆய்வுக்கு வந்தேன்னு போடு. அவ்வளவு ஆபத்தான படிக்கட்டை ஒரு மேனேஜர் வந்து பார்க்க வேண்டாமா?"

நியாயமாகத்தான் பட்டது. அக்கா எழுதினாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

தொழிலாளி விழுந்தால் ரிப்போர்ட் ஃபைலுக்குப் போகும். மேனேஜர் விழுந்தால் தலைமை அலுவலகத்துக் கூட்டத்துக்குப் போகும். போனது. அத்தனை வருஷ ரிப்போர்ட்டையும் கூட்டிக் கழித்து ஒரு போக்கு ஆய்வு ரிப்போர்ட் போட்டார்கள். கம்பெனியின் எட்டுத் தொழிற்சாலைகளிலும் வைத்து மிக ஆபத்தான இடம், கொதிகலனும் இல்லை, அமிலத் தொட்டியும் இல்லை, இந்தப் பின்பக்கப் படிக்கட்டுதான் என்று தெரியவந்தது. உடனே இடித்துவிடும்படி உத்தரவு வந்தது. அதற்கு முன்னால் ஒரு விசாரணை அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

மேனேஜர் ஊன்றுகோலோடு படிக்கட்டின் கீழே வந்து நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்தினார். "இடிக்கறது சாத்தியமான்னு ஒரு சாத்தியக்கூறு ரிப்போர்ட் வேணுமாம்! சாத்தியம்னு போட்டு சாயந்தரத்துக்குள்ள கொடுத்துடு! உனக்கு என் ரூம்லயே, என் மேசைக்குப் பக்கத்துல சீட்டு போடச் சொல்லியாச்சு. இனிமே வாளியெல்லாம் வேண்டாம்!"

மேனேஜர் நல்ல மனுஷர்தான். ஆனால் நாள் முழுக்கத் தொண்டையைக் கனைப்பார், போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், சாப்பிட்ட பிறகு நகம் வெட்டுவார். அக்கா மெதுவாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். அழலாமா என்று பார்த்தாள். முறை வைத்துக் காத்திருக்கத் தேவையில்லாத இடம் இது ஒன்றுதான், அதுவும் போகப்போகிறது என்று நினைத்ததும் அழுகை தானாகவே வந்துவிட்டது. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, 'இடிப்பது சாத்தியமே' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதி வாளியில் இறக்கினாள். வேலை வேலைதானே.

விசாரணை அதிகாரி என்றதும் எல்லோரும் தொந்தியும் தோல்பையுமாக ஒருவரை எதிர்பார்த்தார்கள். வந்தது ஒரு சின்னப் பெண். கலைந்த தலை, தேய்ந்த ஷூ, கையில் ஒரு நீள டார்ச். வந்த அரை மணியில் டார்ச் மேடம் என்று பேர் விழுந்துவிட்டது. அவள் சூப்பர்வைசர்களையும் மேனேஜரையும் ரிப்போர்ட்டக்காவையும் படிக்கட்டின் கீழே வரச்சொல்லி, ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"கட்டிங் மெஷின் கம்பி அறுந்து தெறித்தது. இடம், பின்பக்கப் படிக்கட்டு." நிமிர்ந்து பார்த்தாள். "வெட்டு செக்‌ஷன் எங்க இருக்கு?"

"அந்தக் கடைசியில மேடம்" என்றார் வெட்டு சூப்பர்வைசர்.

"கம்பி இங்க வரைக்கும் வந்துச்சா?"

"கொஞ்சம் வேகமா தெறிச்சுது மேடம்."

டார்ச் மேடம் பக்கத்தைப் புரட்டினாள். "கன்வேயர் பெல்ட்டில் ஓவர்கோட் நுனி மாட்டியது. இடம், பின்பக்கப் படிக்கட்டு. இங்க பெல்ட் எதுவும் ஓடுற மாதிரி தெரியலையே?"

பேக்கிங் சூப்பர்வைசரம்மா முந்திக்கொண்டாள். "மாட்டினது அங்கதான் மேடம். ஆனா அந்தப் பொண்ணு பயந்து போய் இங்க வந்து நின்னுதான் சொன்னா. சொன்ன எடத்தைப் போட்டுட்டோம்."

"ஓஹோ." இன்னொரு பக்கம். "பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்பக்கமாக வந்து இடித்ததில் பெட்டிகள் சரிந்தன. இடம், பின்பக்கப் படிக்கட்டு." டார்ச் மேடம் படிக்கட்டின் அகலத்தைத் தன் இரண்டு கைகளால் அளந்து பார்த்தாள். பிறகு கிடங்கு சூப்பர்வைசரைப் பார்த்தாள். "இதுல ஃபோர்க்லிஃப்ட் எப்படி சார் ஏறுச்சு?"

அக்காவுக்குக் காது சூடேறியது. அந்த மாசக் கடைசியில் கிடங்கிலிருந்து வந்த சீட்டில் 'இடம்: வழக்கமான இடம்' என்றுதான் இருந்தது. அவள் பாட்டுக்கு வழக்கமான இடத்தைப் போட்டுவிட்டாள். இடத்தை எழுதும்போது யோசிக்கிற பழக்கமே அவளுக்கு விட்டுப் போயிருந்தது.

கிடங்கு சூப்பர்வைசர் எச்சிலை விழுங்கினார். "ஏறலை மேடம். இறங்குச்சு."

"இறங்குச்சா? அப்ப மேல எப்படிப் போச்சு?"

"அது நான் லீவுல இருந்தப்ப மேடம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். முழு ஃபோர்க்லிஃப்டை மறைக்க முயன்றவர் அவர் ஒருவர்தான். டார்ச் மேடத்தின் உதடு லேசாகத் துடித்தது. அடக்கிக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க எந்தப் படியில விழுந்தீங்க?"

"நடுப்படி."

"மேலேருந்தா, கீழேருந்தா?"

"நடுவு நடுவுதானேம்மா, எங்கேருந்து எண்ணினா என்ன?"

டார்ச் மேடம் குனிந்து டார்ச்சைப் படிகள் மேல் அடித்தாள். சலவைத்தூள் கூடத்திலிருந்து பறக்கிற வெள்ளைத் தூள் அந்தப் பக்கம் முழுக்க மெத்தை மாதிரி படிந்திருக்கும். தினம் தும்மிக்கொண்டு போகிறவர்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. படிகளின் இரண்டு ஓரமும் வெள்ளை. நடுவில் மட்டும் ஒற்றைத் தடம், மேலே போயிருந்தது, கீழே வந்திருந்தது. சின்னச் செருப்பு. இடது குதிகால் தேய்ந்தது.

டார்ச் வெளிச்சம் மெல்லத் தரையில் நகர்ந்து வந்து, ரிப்போர்ட்டக்காவின் இடது செருப்பின் மேல் நின்றது.

"இந்தப் படியில ஒருத்தரைத் தவிர யாரும் கால் வெக்கல" என்றாள் டார்ச் மேடம். "மத்தவங்க எல்லாம் பறந்து வந்து விழுந்தாங்களா?"

மேனேஜர்கூடக் கனைக்கவில்லை.

"மேல போய்ப் பேசலாம்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அவள் விடுவிடுவென்று ஏறிப்போனாள். கைப்பிடியைத் தொடக்கூட இல்லை.

அந்த அறைக்கு வந்த முதல் விருந்தாளி அவள்தான். நாற்காலி ஒன்றுதான் இருந்ததால் அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு அக்கா ஜன்னலோரம் நின்றாள்.

"எல்லாம் நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம்மா."

"ஃபோர்க்லிஃப்டை ரயில்ல படிச்சேன். சத்தமா சிரிச்சுட்டேன். எதிர் சீட்டுல இருந்தவர் பயந்துட்டாரு. அந்த உறுதிமொழி சொல்லிக்கிட்டே வழுக்கினவரு ஒருத்தரு வருவாரே, அதை ரெண்டு தடவை படிச்சேன்."

அக்கா தலை நிமிர்ந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறாள். படித்தேன் என்று ஒரு ஆள் சொல்லி அவள் கேட்டதே இல்லை. நெஞ்சுக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம் வந்தது. தன்னைப் படித்த ஒரே ஆள்தான் தன் அறையை இடிக்க வந்திருக்கிறாள் என்பது அடுத்த நொடியில் ஞாபகம் வந்தது.

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"எல்லாத்தையும். அதனாலதான் கேக்கறேன். வெட்டு செக்‌ஷன் கம்பி மட்டும் மூணு தடவை வருது. ஒவ்வொரு தடவையும் மயிரிழையில தப்பினார்னு போட்டிருக்கீங்க. நிஜமாவே தப்பினாங்களா?"

அக்காவின் கண் ஜன்னல் பக்கம் போனது. தகரக் கூரைக்குக் கீழேதான் வெட்டு செக்‌ஷன். அங்கே சோப்புப் பாளத்தை வெட்டுகிற பெண் ஒருத்தி. அக்காவைப் பார்த்தால் சிரித்துக் கையாட்டுவாள். அவளுக்கு வலது கண்ணுக்குக் கீழே ஒரு தையல் கோடு உண்டு. கம்பி இன்னும் ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அந்த ரிப்போர்ட்டுக்குத் தடுப்பு நடவடிக்கையாக என்ன செய்தார்கள் என்று அக்காவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இடம் படிக்கட்டு என்று இருந்ததால், பராமரிப்பு ஆட்கள் வந்து படிக்கட்டின் கைப்பிடிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். கம்பிக்கு ஒரு மூடி போடவில்லை. அடுத்த தடவை அறுந்தபோது படிக்கட்டுக்கு ஒரு புது விளக்கு வந்தது. அந்த விளக்கு வெளிச்சத்தில் ஏறி வந்துதான் அவள் தினமும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிடிபட்ட வெட்கம் இல்லை, இது வேறு.

"தப்பலைம்மா" என்றாள். "முகத்துல தையல் போட்டாங்க."

டார்ச் மேடம் ஃபைலை மூடி மேசையில் வைத்தாள். "இடிக்கற உத்தரவு என் பையில இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல. இல்லைன்னா நீங்க எழுதுங்க. விசாரணை ரிப்போர்ட். எது எங்க நடந்துச்சோ அங்கயே. உண்மையா இருந்தா அதுல கையெழுத்துப் போடறேன். நாலு மணிக்கு வேன்."

"அதுல என் பேரும் வருமேம்மா."

"வரணுமில்ல?" என்று எழுந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

அக்கா பேப்பரை எடுத்து வைத்தாளோ இல்லையோ, வாளிக் கயிற்றில் கட்டியிருந்த மணி அடித்தது. வாளி மேலே வந்தது. முதலில் ஒரு டீ, அதற்குக் கீழே ஒரு சீட்டு. வெட்டு சூப்பர்வைசரின் கையெழுத்து: 'அக்கா, உண்மையை எழுதுங்க, தப்பில்லை. கிடங்கிலிருந்து ஆரம்பியுங்க.' அடுத்த வாளியில் கிடங்கின் சீட்டு: 'ஃபோர்க்லிஃப்டைக் கலவை செக்‌ஷனில் போட முடியுமா? அங்கே வாசல் அகலம்.' பேக்கிங்கிலிருந்து ஒரு சீட்டும் கூடவே வாசனை சோப்பு ஒன்றும் வந்தன. கடைசியாக, மேனேஜரின் முத்திரைத் தாளில்: 'நாற்காலி என்ற சொல்லைத் தவிர்க்கவும். ஆசனம் எனப் போடலாம்.'

அத்தனை வாளியையும் இறக்கிவிட்டு, அக்கா கயிற்றைச் சுருட்டி உள்ளே ஒரு கொக்கியில் மாட்டினாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வாளியை மூட ஒரு கொக்கி போதும்.

பயமாகத்தான் இருந்தது. எழுதினால் வேலையே போகலாம். எழுதாவிட்டால் அறை போகும், வேலை இருக்கும், மேனேஜரின் நகமும் இருக்கும். இடித்த பிறகும் கம்பி அறுந்துகொண்டுதான் இருக்கும். அப்போது வேறு ஏதாவது ஒரு கேட்பாரற்ற மூலையைத் தேடிப் போவார்கள், அதையும் எழுதப்போவது இவள்தான். இதை நினைத்ததும் பேனா தானாக நகர்ந்தது. கம்பியை வெட்டு செக்‌ஷனுக்கே திருப்பி அனுப்பினாள். ஓவர்கோட்டை பேக்கிங்குக்கும், ஃபோர்க்லிஃப்டைக் கிடங்குக்கும் அனுப்பினாள். மேனேஜரை அவருடைய ஆசனத்துக்கு, சுழல்கின்ற ஆசனத்துக்கு, அனுப்பினாள். கற்பனையில் வழுக்கியவர்களை எல்லாம் எண்ணிப் பார்த்து, 'இவர்கள் யாரும் வழுக்கவில்லை. வழுக்கவிட்டது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூலக் காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தாள். 'நடக்கவும் வேண்டும், நடக்கவும் கூடாது என்ற விதி. மேலும், படிக்கட்டுக்குச் சொந்தக்காரர் இல்லாதது' என்று எழுதினாள். விசாரணை ரிப்போர்ட்டில் தப்பு யார் மேல் என்று எழுதியது அவள் அனுபவத்தில் இதுதான் முதல் தடவை.

டார்ச் மேடம் வேன் வாசலில் நின்றபடியே முழுவதையும் படித்தாள். டிரைவர் ஹாரன் அடித்தும் நிமிரவில்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: 'படிக்கட்டு இனி ஒரு தனி செக்‌ஷன். பொறுப்பு: ரிப்போர்ட் எழுதுபவர்.' இடிக்கிற உத்தரவை மடித்துத் திரும்பத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாசம் எல்லா போர்டிலும் சிவப்புப் புள்ளி. காலையில் கேட்டருகே கம்பெனி முழுக்க நின்று உறுதிமொழி சொன்னது. சிரித்துக்கொண்டு போக ஆளே இல்லை. முதல் வரிசையில் மேனேஜர் ஊன்றுகோலோடு நின்றார். அவருக்கு இப்போது நாலு கால் மரநாற்காலி. கடைசியில் படிக்கட்டு செக்‌ஷன், ஒற்றை ஆளாக, எல்லோரையும் விட உரக்கச் சொன்னது. சூப்பர்வைசர்கள் கொஞ்ச நாள் அக்காவிடம் முகம் கொடுக்கவில்லை. கம்பிக்கு மூடி வந்தது. வெட்டு செக்‌ஷன் பெண் கூரைக்குக் கீழிருந்து வழக்கம்போலக் கையாட்டினாள். அக்கா இரண்டு கையையும் ஆட்டினாள்.

வேலை போகவில்லை. ஆனால் தண்டனை இல்லாமலும் போகவில்லை. செக்‌ஷன் என்றால் மாசத்துக்கு இரண்டு மயிரிழை அனுப்ப வேண்டுமே! தான் மட்டும் ஏறி இறங்குகிற படியில் எங்கே போவது? ஒன்றை எப்படியோ எழுதினாள்: 'இடம்: பின்பக்கப் படிக்கட்டு, உண்மையாகவே. நடந்தது: ஓர் அறை கை நழுவிப் போக இருந்தது. காரணம்: எழுதியவர். தடுப்பு நடவடிக்கை: கம்பி அறுந்தால் கம்பி என்று எழுதுவது.' வாளியில் பதில் வந்தது. தலைமை அலுவலகத்து உறை, டார்ச் மேடத்தின் கையெழுத்து. 'படித்தேன். இன்னொன்று எங்கே?'

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. பொல்லாத படி இல்லை என்று ஆனதிலிருந்து ஆட்கள் ஏறி வர ஆரம்பித்திருந்தார்கள். வெட்டு சூப்பர்வைசர், கோபம் தணிந்து, இரண்டு டீயோடு வந்துகொண்டிருந்தார். பாதியில், "ஐயோ!" என்று ஓர் அலறல். டம்ளர் ஒன்று இரும்புப் படிகளில் டங் டங் என்று உருண்டு கீழே போயிற்று.

அக்கா ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் மஞ்சள் கைப்பிடியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு தொங்கினார். "ஒண்ணும் ஆகலக்கா! இந்தத் தூள்ல கால் வழுக்கிடுச்சு. கைப்பிடியைப் பிடிச்சுட்டேன்! எங்க செக்‌ஷன்ல மட்டும் போட்டுடாதீங்க!"

"இது எங்க செக்‌ஷன் தம்பி" என்றாள் அக்கா. "புள்ளி எனக்கு. முதல்ல மேல வந்து உக்காருங்க."

அவரை ஒரே நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தடுப்பு நடவடிக்கை, 'படிகளைத் தினமும் பெருக்குதல்' என்று மனத்துக்குள் எழுதிக்கொண்டாள். பிறகு பழைய ஃபைலைத் தேடி எடுத்து, முதன்முதலில் எழுதிய மயிரிழை ரிப்போர்ட்டைப் பார்த்து அப்படியே எழுதினாள். 'பின்பக்கப் படிக்கட்டில் ஏறும்போது கால் வழுக்கியது. கைப்பிடியைப் பிடித்ததால் மயிரிழையில் தப்பினார்.' ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.